குறுக்கே கிடக்கும் எஞ்சின்

இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய ஒரு காரின் எஞ்சின் தளர்ந்துவிட்டால் அதைப் பிரித்துப் புதுப்பிக்கலாம், அதே வகை எஞ்சின் ஒன்றை வாங்கி வைக்கலாம், அல்லது அந்தக் காருக்கு உரியதல்லாத வேறொரு எஞ்சினை ஏற்றலாம். கடைசி வழிதான் இந்த அத்தியாயத்தின் பொருள். பின்சக்கரங்களால் ஓடும் காரில் அது பெரும்பாலும் பட்டறை வேலையாக முடிந்துவிடுகிறது; முன்சக்கரங்களால் ஓடும் காரிலோ, காரின் முன்பாதி முழுவதையும் மறுபடி வடிவமைக்கும் வேலையாக வளர்ந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டுக்கு உறுதியான இயந்திரவியல் காரணங்கள் உண்டு. அவற்றை விளக்குவதற்கான இரண்டு நல்ல சான்றுகள், பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டு வரையிலான ஜி.எஸ்.டி. சாலையின் ஓரத்திலேயே, ஏறத்தாழ முப்பது கிலோமீட்டருக்குள் கிடைக்கின்றன.

முதல் சான்று பெருங்களத்தூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை. பிரிட்டனில் 1976இல் வெளிவந்த ரோவர் எஸ்.டி.1 என்னும் பெரிய காரின் உடலை எடுத்துக்கொண்டு, 1985இல் இந்த நிறுவனம் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிரிட்டனில் அந்த உடலுக்குள் இருந்த புகழ்பெற்ற எஞ்சின் 3.5 லிட்டர் கொள்ளளவும் எட்டு உருளைகளும் கொண்ட அலுமினிய எஞ்சின். பெருங்களத்தூரில் அதே இடத்தில் அமர்த்தப்பட்டதோ, 1940களின் இறுதியில் வான்கார்டு காருக்காக உருவான எஞ்சினின் வழிவந்த 1991 கன சென்டிமீட்டர் நான்கு உருளை எஞ்சின். 1970களின் உடலுக்குள் 1940களின் இதயத்தை வைத்த அந்தக் காரைச் சந்தை ஏற்கவில்லை. சில ஆண்டுகளில் தொழிற்சாலையும் மூடப்பட்டது. வணிகத்தில் தோற்ற அந்த முயற்சி பொறியியலில் மட்டும் இயல்பாக நிறைவேறியது என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. எஞ்சின் காரின் நீளவாக்கில் அமர்ந்து, அதன் பின்னால் கியர்பெட்டி தொடர்ந்து, அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு பின் அச்சுக்குச் செல்லும் அமைப்பில், எஞ்சின் மட்டும் தனியாகப் பிரிந்து வரக்கூடிய உறுப்பு. புதிய எஞ்சினின் கால்களுக்குப் பொருத்தமான தாங்கிகளைச் செய்து, கியர்பெட்டியோடு இணையும் முகத்துக்கு ஓர் இடைத்தகட்டைக் கடைந்து, தேவைப்பட்டால் நீண்ட தண்டின் நீளத்தைத் திருத்திச் சமநிலைப்படுத்திவிட்டால், பின் அச்சும் சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் எதையும் அறியாமல் பழையபடியே வேலை செய்யும்.

முன்சக்கர இயக்கம் இந்தப் பிரிவினையை ஒழித்துவிட்டது. 1959இல் வந்த மினி காரில் அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே கிடத்தி, கியர்பெட்டியை அதன் அடியில் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைத்தார். இத்தாலியில் டான்டே ஜியாகோசா 1964இல் ஆட்டோபியாங்கி பிரிமுலா காரில் எஞ்சினின் ஒரு முனையோடு கியர்பெட்டியை வரிசையாக இணைத்து, இரு சக்கரங்களுக்கும் நீளம் வேறுபட்ட இரு தண்டுகளை நீட்டினார். இன்று உலகில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை ஜியாகோசாவின் வழியைப் பின்பற்றுபவை; இந்தியாவில் 1983இல் மாருதி 800 அந்த அமைப்பை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. இதில் எஞ்சின், கியர்பெட்டி, திரும்பும்போது இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் டிஃபரென்ஷியல் ஆகிய மூன்றும் ஒரே கட்டாக, முன்சக்கரங்களின் நடுவே, இரண்டு நீளவாட்டுச் சட்டங்களுக்கு இடைப்பட்ட சிறிய குழிக்குள் அடங்கிவிடுகின்றன.

இரண்டாவது சான்று மறைமலைநகரில் உள்ள ஃபோர்டு தொழிற்சாலை. 1999இல் அங்கே உற்பத்தியாகத் தொடங்கிய ஐகான், ஐரோப்பிய ஃபியஸ்டாவின் அடித்தளத்தில் இந்தியச் சந்தைக்காக உருவாக்கப்பட்ட, பின்பெட்டியுள்ள முன்சக்கர இயக்கக் கார். அதன் ஒரே உடற்கூட்டுக்குள் காலப்போக்கில் 1.3 லிட்டர், 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்களும் 1.8 லிட்டர் டீசல் எஞ்சினும் இடம்பெற்றன. 2008இல் அந்தப் பழைய டீசலை நீக்கிவிட்டு, 1.4 லிட்டர் டீசல் எஞ்சினை நிறுவனம் அதே கூட்டில் அமர்த்தியது. ஒரு முன்சக்கர இயக்கக் காரில் எஞ்சின் மாற்றுவதென்றால் என்ன என்பதை இந்த 2008ஆம் ஆண்டு மாற்றத்தை விடத் தெளிவாகக் காட்டும் உள்ளூர் எடுத்துக்காட்டு இல்லை.

பழையது 1753 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள வார்ப்பிரும்பு எஞ்சின். டீசல் முதலில் ஒரு சிற்றறைக்குள் தெளிக்கப்பட்டு, அங்கே பற்றிய பிறகு உருளைக்குள் பரவும் பழைய முறையில் இயங்கி, சுமார் 60 குதிரைத்திறனைத் தந்தது. புதியது 1399 கன சென்டிமீட்டரே கொண்ட அலுமினிய எஞ்சின். ஆனால் வெளியேறும் புகையின் விசையால் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவும், எல்லா உருளைகளுக்கும் பொதுவான குழாயில் ஆயிரம் வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தத்தில் டீசலைத் தேக்கிவைத்து, கணினியின் கட்டளைப்படி நேரே உருளைக்குள் தெளிக்கும் காமன் ரெயில் முறையும் அதில் இருந்தன. கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தும் ஆற்றல் 68 குதிரைத்திறனாக உயர்ந்தது. முறுக்கு விசை, அதாவது கிராங்க் தண்டைத் திருகும் வலிமை, 160 நியூட்டன் மீட்டரை எட்டியது. இந்த எண்கள் விளம்பரத்துக்கு உரியவை போலத் தோன்றினாலும், அவற்றில் கடைசி எண்தான் காரின் முன்பாதி முழுவதையும் பாதிக்கிறது.

முறுக்கு விசைக்கு எப்போதும் ஓர் எதிர்விசை உண்டு. எஞ்சின் சக்கரத்தை ஒரு பக்கம் திருப்பும்போது, எஞ்சினைத் தாங்கும் கட்டு மறுபக்கம் திரும்ப முயல்கிறது. அந்த முயற்சியை யார் தடுக்கிறார்கள் என்பதில்தான் இரண்டு அமைப்புகளும் பிரிகின்றன. முதல் கியரின் விகிதம் 3.6 என்றும் டிஃபரென்ஷியலில் உள்ள இறுதி விகிதம் 3.9 என்றும் வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து எஞ்சினின் முறுக்கு விசையை ஏறத்தாழ 14 மடங்காகப் பெருக்குகின்றன. பின்சக்கர இயக்கக் காரில் முதல் பெருக்கல் மட்டுமே எஞ்சினோடு சேர்ந்த கியர்பெட்டிக்குள் நடக்கிறது. ஆகவே எஞ்சினின் ரப்பர்த் தாங்கிகள் தடுக்கவேண்டியது 160 பெருக்கல் 3.6, அதாவது 576 நியூட்டன் மீட்டர். இரண்டாவது பெருக்கலின் எதிர்விசையைத் தொலைவில் உள்ள பின் அச்சும் அதைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் உறுப்புகளும் ஏற்றுக்கொள்கின்றன. முன்சக்கர இயக்கக் காரில் டிஃபரென்ஷியலும் அதே கட்டுக்குள் இருப்பதால், முழுப் பெருக்கலின் எதிர்விசையும், ஏறத்தாழ 2,240 நியூட்டன் மீட்டர், அந்த மூன்று நான்கு ரப்பர்த் தாங்கிகளின் மீதும் அவை திருகப்பட்டிருக்கும் தகட்டுச் சட்டங்களின் மீதும் விழுகிறது. ஒரே எஞ்சின், ஒரே கியர் விகிதங்கள். தாங்கிகளின் சுமை மட்டும் நான்கு மடங்கு. முன்சக்கர இயக்கக் காருக்கு வலிமை மிகுந்த எஞ்சினை ஏற்றும்போது பட்டறைகள் மவுண்டிங் என்று குறிப்பிடும் இந்தத் தாங்கிகளே முதலில் கிழிவதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

சக்கரத்தை நோக்கிச் செல்லும் தண்டுகளும் இதே கணக்குக்கு உட்பட்டவை. 105 நியூட்டன் மீட்டர் தரும் சிறிய பெட்ரோல் எஞ்சினோடு முதல் கியரில் ஒவ்வொரு தண்டும் சுமப்பது சுமார் 735 நியூட்டன் மீட்டர். அதே கியர்பெட்டியோடு 160 நியூட்டன் மீட்டர் எஞ்சினை இணைத்தால் அது 1,120 ஆக உயர்கிறது. ஒரு தண்டின் இரு முனைகளிலும் உள்ள மூட்டுகள், சக்கரம் திரும்பினாலும் மேலும் கீழும் ஆடினாலும் சுழற்சி வேகம் துடிக்காமல் சீராகக் கடந்துசெல்ல வகைசெய்பவை. சக்கரத்தை ஒட்டிய மூட்டில் ஆல்ஃபிரட் ரெசெப்பா 1920களில் வகுத்த முறைப்படி ஆறு எஃகுக் குண்டுகள் வளைந்த பள்ளங்களில் உருள்கின்றன. கியர்பெட்டியை ஒட்டிய மூட்டு, எஞ்சின் அசையும்போது தண்டின் நீளம் கூடிக்குறைவதற்காகச் சிறிது வழுக்கி நகரவும் செய்கிறது. வேறு எஞ்சினும் அதற்குரிய கியர்பெட்டியும் வந்தால் டிஃபரென்ஷியலின் இடம் சில சென்டிமீட்டராவது மாறும்; உடனே இரு தண்டுகளின் நீளமும் அவை சாயும் கோணமும் மாறும். இடது வலது கோணங்கள் பொருந்தாதபோது, வேக மிதியை அழுத்தியதும் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். ஓட்டுநர்கள் இதை வீல் அலைன்மென்ட் கோளாறாக நினைத்து மீண்டும் மீண்டும் அலைன்மென்ட் பார்க்கிறார்கள். உண்மையில் அது அலைன்மென்ட்டால் தீராத வடிவியல் கோளாறு.

அதிர்வைப் பற்றிய கணக்கு இன்னும் நுட்பமானது. நான்கு வீச்சு முறையில் இயங்கும் நான்கு உருளை எஞ்சினில் கிராங்க் தண்டு ஒருமுறை சுற்றுவதற்குள் இரண்டு உருளைகளில் எரிதல் நிகழ்கிறது. நிமிடத்துக்கு 750 சுற்று என்ற நிலையான ஓட்டத்தில் அது வினாடிக்கு 25 உதைகள், அதாவது 25 ஹெர்ட்ஸ் அதிர்வெண். ரப்பர்த் தாங்கியின் மீது அமர்ந்த எஞ்சினுக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. வரும் அதிர்வு அதைப்போல் 1.4 மடங்குக்கு மேலிருந்தால்தான் ரப்பர் அதிர்வைத் தணிக்கும், குறைந்தால் பெருக்கிவிடும். எனவே நான்கு உருளை எஞ்சினுக்குத் தாங்கியின் இயல்பு அதிர்வெண் 17 ஹெர்ட்ஸுக்கு அருகிலோ கீழோ இருக்கவேண்டும். அதே இடத்தில் மூன்று உருளை எஞ்சினை வைத்தால் உதைகள் வினாடிக்கு 19க்கும் குறைந்துவிடுவதால், தாங்கி 13 ஹெர்ட்ஸ் அளவுக்கு மென்மையாகவேண்டும். ஆனால் மென்மையான ரப்பர் முன்பு சொன்ன 2,240 நியூட்டன் மீட்டரின் கீழ் எஞ்சினை அதிகம் சாயவிடும்; சாய்வு அதிகமானால் கியர்பெட்டியை ஒட்டிய மூட்டின் வழுக்கல் எல்லையைத் தாண்டும். தாங்கியை இறுக்கினால் கார் நடுங்குகிறது, இளக்கினால் தண்டின் மூட்டு தேய்கிறது. தொழிற்சாலையில் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடத்தைக் கண்டடையப் பல மாதங்கள் சோதனை நடக்கிறது; ஓர் எஞ்சினை இறக்கி இன்னொன்றை ஏற்றும் பட்டறையில் அதற்கு நேரமும் இல்லை, கருவியும் இல்லை.

இவற்றுக்குப் பக்கத்தில் சிறியதாகத் தோன்றி, உயிரோடு தொடர்புடைய ஒரு விவரம் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் காற்று நுழையும் வழியை ஒரு மடல் பாதி மூடியிருப்பதால் அதன் பின்னால் வெற்றிடம் உண்டாகிறது. அந்த வெற்றிடத்தையே பிரேக் பூஸ்டர் பயன்படுத்தி, ஓட்டுநரின் கால் அழுத்தத்தைப் பெருக்குகிறது. டீசல் எஞ்சின் ஆற்றலை எரிபொருளின் அளவால் கட்டுப்படுத்துவதால், காற்றை அப்படி நெரிக்கும் மடல் அதற்குத் தேவைப்படுவதில்லை. ஆகவே அதில் வெற்றிடத்தை உண்டாக்க ஒரு தனிப் பம்பு இணைக்கப்படுகிறது. பெட்ரோல் காரில் டீசல் எஞ்சினை ஏற்றியவர் அந்தப் பம்பையோ அதன் குழாயையோ விட்டுவிட்டால், கார் நன்றாக ஓடும், நிற்க மட்டும் மறுக்கும். எரிபொருள் தொட்டிக்குத் திரும்பிச்செல்லும் குழாய், ரேடியேட்டரின் அளவு, டர்போ சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கான இடம் என்று இந்தப் பட்டியல் நீள்கிறது. வயரிங்கும் கணினியும் தனி உலகம்: திறவுகோலில் உள்ள சில்லை அடையாளம் காணாமல் எஞ்சினைத் தொடங்க விடாத பாதுகாப்பு, மீட்டர் பலகைக்குச் செல்லும் செய்திகள், புகை அளவைக் கண்காணிக்கும் உணரிகள் ஆகியவை எஞ்சினின் கணினியை நம்பியே இயங்குவதால், எஞ்சினை மட்டும் மாற்றி இவற்றை விட்டுவைக்க வழியில்லை.

எனவே முன்சக்கர இயக்கக் காரில் எஞ்சின் மாற்றம் நன்றாக அமைவது பெரும்பாலும் ஒரே குடும்பத்துக்குள்தான். ஐகானின் 1.3க்குப் பதில் அதே வரிசையில் பிறந்த 1.6 என்றால், உற்பத்தியாளரே இரண்டையும் ஒரே குழிக்குள் பொருத்திக் காட்டியிருப்பதால், தாங்கி, கியர்பெட்டி, தண்டு, வயரிங் ஆகியவற்றை ஒரு முழுத் தொகுப்பாக இன்னொரு காரிலிருந்து எடுத்துவிட முடியும். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பழக்கமுள்ள மெக்கானிக் எஞ்சினை மட்டும் கேட்காமல் கியர்பெட்டியோடும் வயரிங்கோடும் சேர்த்துக் கேட்பது இந்த அறிவின் நடைமுறை வடிவம். அது மதிக்கத்தக்க அறிவு.

இதுவரை எழுதியவை எல்லாம் கூடு திடமாக இருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல் நிற்பவை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரை ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் கிழக்கே சென்றால் அந்த நம்பிக்கை தளர்கிறது. கரையில் உடையும் அலைக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகள் மேலே வந்து வெடிக்கும்போது நுண்ணிய உப்புநீர்த் துளிகள் தெறிக்கின்றன. அவை காற்றில் உலர்ந்து உப்புத் துகள்களாகின்றன. பெரிய துகள்கள் கரையை ஒட்டிய சில நூறு மீட்டருக்குள்ளேயே படிந்துவிடுவதால், கடலிலிருந்து விலக விலக உப்புப் படிவு மிக வேகமாகக் குறைகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய வீட்டில் நிற்கும் காரும் செங்கல்பட்டு நகரில் நிற்கும் காரும் ஒரே ஆண்டில் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்திருந்தாலும், பதினைந்து ஆண்டுகளில் அவை இரண்டு வேறு பொருள்கள்.

உப்பின் தீங்கு அது ஈரத்தை ஈர்ப்பதில் இருக்கிறது. சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலுப்போடு கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கடற்கரைக் காற்று அவ்வளவு உலர்வது அரிது என்பதால், கதவுகளுக்குக் கீழே பெட்டி வடிவில் ஓடும் தகடுகளுக்குள்ளும் சக்கரக் குழிகளின் மடிப்புகளிலும் புகுந்த உப்புச்சேறு மழை இல்லாத மாதங்களிலும் ஈரமாகவே இருக்கிறது. குளோரைடு எஃகின் மேலுள்ள காப்புப் படலத்தைத் துளைக்கிறது. உருவாகும் துரு, தான் தின்ற எஃகை விடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு, புள்ளி புள்ளியாகப் பற்றவைக்கப்பட்ட இரண்டு தகடுகளையும் உள்ளிருந்து நெம்பிப் பிரிக்கிறது. இதே உப்பு மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கருங்கல் துளைகளுக்குள் படிகமாகி மேற்பரப்பை உதிரச்செய்வதால்தான், இந்தியத் தொல்லியல் துறை ஈரமான காகிதக்கூழைச் சுவரில் அப்பி உப்பை உறிஞ்சி எடுக்கிறது. பன்னிரண்டு நூற்றாண்டுகளைக் கடந்த கல்லுக்கே அந்தப் பராமரிப்பு தேவைப்படும்போது, ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனுள்ள தகட்டின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. கடலோர அரிமானத்தை நேரடியாக அளப்பதற்காகக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் தனி நிலையமே வைத்திருக்கிறது.

எஞ்சின் இந்தத் தாக்குதலிலிருந்து பெருமளவு தப்பிவிடுகிறது. அதன் உட்பாகங்கள் எண்ணெயில் நனைந்தவை. வெளிப்புறம் ஒவ்வோர் ஓட்டத்திலும் சூடேறி உலர்கிறது. எஞ்சினைத் தேய்ப்பது தூரம்: உருளையின் உச்சியில் பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்பும் இடத்தில் எண்ணெய்ப் படலம் மெலிந்து, வளையமும் சுவரும் நேரே உரசுகின்றன, லட்சக்கணக்கான கிலோமீட்டருக்குப் பிறகு அங்கே ஒரு படி உருவாகி, அழுத்தம் கசிந்து, எண்ணெய் எரிந்து நீலப்புகை வருகிறது. கூட்டைக் கரைப்பதோ காலமும் இடமும். ஆகவே ஒரே வயதுள்ள இரண்டு கார்களில், அதிக தூரம் ஓடிய செங்கல்பட்டுக் கார் தளர்ந்த எஞ்சினையும் திடமான கூட்டையும், குறைவாக ஓடிய கடற்கரைக் கார் நல்ல எஞ்சினையும் இற்றுப்போன கூட்டையும் கொண்டிருப்பது முற்றிலும் இயல்பானது. முன்சக்கர இயக்கக் காரில் எதிர்விசை முழுவதும் முன் சட்டங்களின் வழியாகவே கூட்டுக்குள் இறங்குவதால், அந்தச் சட்டங்களும், ஷாக் அப்சார்பரின் மேல்முனை அமரும் கிண்ணங்களும், பேட்டரித் தட்டின் அடிப்பகுதியும் இற்றிருக்கும் காரில் எந்த எஞ்சினையும், அது எவ்வளவு நல்லதானாலும், ஏற்றக்கூடாது. வெளியே தீட்டிய பெயின்ட்டும் டிங்கர் வேலையும் இதை மறைத்துவிடும் என்பதால், அடியில் பூசிய கறுப்புப் பூச்சைச் சுரண்டிப் பார்ப்பதே எஞ்சின் விலை பேசுவதற்கு முந்தைய வேலையாக இருக்கவேண்டும்.

சட்டமும் இந்தப் பொறியியல் முடிவுக்கு அருகிலேயே நிற்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் வேறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஜெயச்சந்திரா வழக்கில் அதை வலியுறுத்தியது. அங்கீகரிக்கப்பட்ட கருவித்தொகுதியைக் கொண்டு எரிவாயுவுக்கோ மின்கலத்துக்கோ மாற்றுவதற்குத் தனி விதிகள் உள்ளன. எஞ்சின் எண் ஆர்.சி.யில் பதிவாகியிருப்பதால், அதே வகை எஞ்சினை வைத்தாலும் அந்த எண் மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி பதியவேண்டும்.

ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022இல் மறைமலைநகர் உற்பத்தி வரிசை நின்ற பிறகு, ஐகான், ஃபியஸ்டா, ஃபிகோ போன்ற கார்களை ஓட்டுவோர் பழைய கார்களிலிருந்து கழற்றப்படும் எஞ்சின்களை நாடுவது இயல்பு. கடற்கரையில் கூடு இற்றுப்போன ஒரு காரின் எஞ்சின், செங்கல்பட்டில் கூடு திடமாக நிற்கும் அதே வகைக் காருக்குப் பொருந்தும் சிறந்த கொடையாக அமையலாம். ஆனால் வாங்குவதற்கு முன் நான்கு உருளைகளின் அழுத்தத்தையும் தனித்தனியே அளந்து அவை ஒன்றுக்கொன்று நெருங்கியிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். அலுமினியப் பாகங்களில் எஃகுத் திருகாணிகள் இறங்கும் இடங்களில் உப்பும் ஈரமும் சேர்ந்து உண்டாக்கும் வெண்பொடி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். உணரிகளின் இணைப்பு முனைகளைக் கழற்றிப் பச்சை படிந்திருந்தால் அந்த வயரிங்கை விட்டுவிட்டு, செங்கல்பட்டுக் காரின் சொந்த வயரிங்கையே வைத்துக்கொள்ளவேண்டும். ஒரே வகை எஞ்சினாக இருப்பதால், அப்படி வைத்துக்கொள்ள முடிகிறது.